தோழிக்கு ஒதுக்கிய குரல்

திருமயம் பக்கம் மைக்செட் வைத்திருப்பவர் யாரிடம் வேண்டுமானாலும் எல்.ஆர். ஈஸ்வரி பாட்டு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்ற பேச்சே வராது. பென்டிரைவில் இரண்டு இடத்தில் இருப்பார். ஒன்று, அம்மன் பாட்டு. நார்த்தாமலையிலும் கொன்னையூரிலும் பங்குனிப் பூச்சொரிதலுக்குக் குழாய் கட்டுகிற அன்று தொடங்கி, ஆடி முடிந்து கூழ்ப்பானையைக் கழுவிக் கவிழ்க்கும்வரை ஓடும். இன்னொன்று, கல்யாணப் பாட்டு. அதில் ஒன்றே ஒன்றுதான்: 1961-இல் வந்த ‘பாசமலர்’ படத்தில் மணப்பெண்ணை அழைத்துவரும் தோழி பாடுவது. பெண்ணை மேடைக்குக் கூட்டிவரும் நேரத்தில் அதைப் போடாத மைக்செட்காரரை இந்த வட்டாரத்தில் நான் பார்த்ததில்லை. காதுகுத்து, வசந்தவிழா என்று கூட்டம் கொஞ்சம் உற்சாகமானால் ‘பணமா பாசமா’ படத்து இலந்தைப்பழக்காரி வருவாள். அதற்குமேல் எங்கள் ஊர்க் குழாய்க்கு ஈஸ்வரியைத் தெரியாது.

குழாய்க்குத் தெரியாத ஈஸ்வரி ஒருவர் உண்டு. ‘வெள்ளி விழா’வில் (1972) வி. குமார் இசையில் காதருகே கிசுகிசுப்பதுபோல ஒரு தாலாட்டு. ‘வெண்ணிற ஆடை’யில் (1965) ஒரு தனிப்பாட்டு. ‘கறுப்புப் பண’த்தில் (1964) தோழியை விளித்து மெல்ல நகரும் ஒன்று. ‘ஊட்டி வரை உறவி’ல் பி.பி. ஸ்ரீநிவாஸோடு ஒரு இணைப்பாட்டு. ‘பாத காணிக்கை’, ‘இதயத்தில் நீ’, ‘பச்சை விளக்கு’, ‘எங்க வீட்டுப் பிள்ளை’, ‘இரு மலர்கள்’ படங்களில் பி. சுசீலாவோடு சேர்ந்து பாடியவை. எண்ணிப் பார்த்தால் ஒரு முழு இசைத்தட்டுக்குத் தாராளமாகத் தேறும். ஆனால் அவை படம் படமாகச் சிதறிக் கிடக்கின்றன. கேட்பவர்தான் பொறுக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மேல்நாட்டில் இப்படிப் பொறுக்க வேண்டியதில்லை. தொண்டை கிழியப் பாடிப் பெயர் வாங்கிய ராக் பாடகர் ஒருவர் ஒரு கட்டத்தில் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு ஒரு தட்டு போடுவது அங்கே வழக்கமாகவே ஆகிவிட்டது. அரங்கம் அதிரப் பாடும் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இல் தம் வீட்டிலேயே நான்கு தடக் கேசட் ரெக்கார்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, கிட்டாரும் மவுத் ஆர்கனுமாகப் பதிந்தது ‘நெப்ராஸ்கா’. லெட் செப்பெலினின் உச்ச ஸ்தாயிக்காரர் ராபர்ட் பிளான்ட், 2007-இல் ஆலிசன் கிராஸோடு அடங்கிய குரலில் பாடிய ‘ரெய்சிங் சாண்ட்’ இரண்டாண்டு கழித்து ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதையே வாங்கியது. ராக் என்ற பெயரை நாம் நம் பாடகிகள் யாருக்கும் சூட்டியதில்லை. ஆனாலும் அந்த வேலையை, அதாவது சாந்தமான மெட்டுகளுக்கு நடுவே முரட்டு உடம்போடு ஒரு குரலைக் கொண்டுவந்து நிறுத்தும் வேலையை, தமிழில் முதன்மையாகச் செய்தவர் ஈஸ்வரிதான். அப்படியிருந்தும் அவருடைய ‘நெப்ராஸ்கா’ ஒன்று நம் கையில் இல்லை. ஸ்பிரிங்ஸ்டீனுக்கு எதைப் பாடுவது என்பது அவர் கையில் இருந்தது. ஈஸ்வரிக்கு அதை முடிவு செய்தவர்கள் வேறு ஆட்கள்.

தமிழ்ச் சினிமாவின் குரல் ஒதுக்கீடு என்று அதைச் சொல்லலாம். எழுதி வைத்த சட்டம் ஒன்றுமில்லை. 1960-களின் இசையமைப்பாளர்கள் பெரும்பாலும் மீறாத வழக்கம், அவ்வளவுதான். கதாநாயகியின் காதலுக்கும் கண்ணீருக்கும் சுசீலா. குழந்தைக்கு எம்.எஸ். ராஜேஸ்வரி. தோழிக்கும், கிளப்பில் ஆடுபவளுக்கும், வில்லனின் ஆசைநாயகிக்கும், தெருவில் கூடை சுமப்பவளுக்கும் ஈஸ்வரி. அவருடைய பெயரே இந்த ஒதுக்கீட்டில்தான் வெட்டுப்பட்டது. லூர்து மேரி ராஜேஸ்வரி என்பது முழுப்பெயர். ராஜேஸ்வரி என்று ஒருவர் முன்னமே இருந்ததால் எல்.ஆர். ஈஸ்வரி ஆனார். அம்மா நிர்மலா கோரஸ் பாடகி. மகளும் ‘மனோகரா’ (1954) காலத்தில் கோரஸில் நின்றுதான் தொடங்கினார். 1958-இல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் கே.வி. மகாதேவன் தனிப்பாட்டு கொடுத்தார். மூன்று வருடம் கழித்து விஸ்வநாதன்–ராமமூர்த்தி ‘பாசமலர்’ தோழியைக் கொடுத்தார்கள். அதோடு இடம் உறுதியாகிவிட்டது. இடம் கிடைத்தது என்றும் சொல்லலாம், இடத்தில் மாட்டிக்கொண்டார் என்றும் சொல்லலாம்.

இந்த வழக்கத்தை வெறும் ஓரவஞ்சனை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. இதற்கு நம் மரபிலேயே வேர் இருக்கிறது. அகப்பாட்டில் எல்லோரும் எல்லாவற்றையும் பேசிவிட முடியாது. யார் எப்போது எதைப் பேசலாம் என்று தொல்காப்பியம் கூற்று வகுத்து வைத்திருக்கிறது. தலைவி பேசும்போது நாணம் குறுக்கே நிற்கும். தோழிக்கு அந்தத் தடை இல்லை. இரவில் வராதே என்று தலைவனை மறுப்பவள் அவள். எப்போது கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று முகத்துக்கு நேரே கேட்பவள் அவள். செவிலியிடம் களவை உடைத்துச் சொல்லி அறத்தொடு நிற்பவளும், பரத்தையிடம் போய்வந்தவனை வாசலில் நிறுத்தி வாயில் மறுப்பவளும் அவள்தான். கற்பியலில் பரத்தைக்கும் பேச இடம் உண்டு. இந்த அடுக்கை அப்படியே சினிமாவில் வைத்துப் பாருங்கள். தலைவி கூற்று சுசீலாவுக்கு, தோழி கூற்றும் பரத்தை கூற்றும் ஈஸ்வரிக்கு. ‘பாசமலர்’, ‘கறுப்புப் பணம்’, ‘அவள் ஒரு தொடர்கதை’ என்று எடுத்துக்கொண்டே போனால், ஒன்று தோழி பாடுகிறாள், இல்லாவிட்டால் தோழியைப் பார்த்துப் பாடுகிறாள். எம்.எஸ். விஸ்வநாதன் தொல்காப்பியத்தைப் புரட்டிவிட்டு ரெக்கார்டிங்குக்குப் போனார் என்று நான் சொல்ல வரவில்லை. பாட்டை யார் வாயில் வைப்பது என்ற கேள்விக்கு இந்த ஊர்க் காதுகள் எதிர்பார்த்த விடை ஏற்கெனவே இருந்தது என்கிறேன்.

அதனால் விளைந்த நன்மையையும் சொல்ல வேண்டும். அதை ஒரு கல்லிலிருந்து தொடங்குகிறேன். திருமயம் சத்தியகிரீசுவரர் குடைவரையில் ஓர் இசைக் கல்வெட்டு உண்டு. குடுமியான்மலையில் இருப்பது முழுசாக நிற்க, இங்கே இருப்பதைப் பெரும்பாலும் செதுக்கி எடுத்துவிட்டு, பிற்காலத்தில் அதன் மேலேயே வேறு சாசனம் வெட்டிவிட்டார்கள். பரிவாதினி என்ற யாழின் பெயர் தப்பித்திருக்கிறது. குடுமியான்மலைக் கல்லில் ஏழு பண்களுக்கும் சுரங்களை நாலு நாலாகக் கோத்து வரிசையாக வெட்டி வைத்த கைக்கு, அதைப் பாடும் குரல் கனமா, மெலிசா, மூச்சுக் கலந்ததா என்று எழுதத் தோன்றவில்லை. எழுதவும் முடியாது. சுரத்தைத்தான் எழுதலாம், குரலின் நிறத்தை எழுதுவதற்கு எழுத்து கிடையாது. சினிமா இசையமைப்பாளர் ஒரு பாட்டுக்கு இன்னாரைக் கூப்பிடு என்று சொல்லும்போதுதான் அந்த எழுதாத பகுதியை எழுதுகிறார். ஒதுக்கீடு என்பது இசையமைப்பின் ஒரு பகுதி. இதை விளங்கிக்கொள்ளாமல் ஈஸ்வரிக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று மட்டும் எழுதுபவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

‘சிவந்த மண்’ணின் (1969) சாட்டையடிப் பாட்டை எடுத்துக்கொள்வோம். சாட்டை விழுகிறது, அடிபட்டவள் பாடியபடியே ஆட வேண்டும். வலியும் இருக்க வேண்டும், வீம்பும் இருக்க வேண்டும், தாளமும் பிசகக் கூடாது. ஈஸ்வரி இதில் செய்வது சாதாரண வேலையில்லை. சாட்டைச் சத்தம் வந்த மறுகணம் எழும் முனகல் சுருதியை விட்டு இம்மியும் நகராது. அடுத்த சொல்லை அந்த முனகலின் மூச்சிலேயே எடுப்பார். சிரிப்பு, விக்கல், செருமல், பெருமூச்சு ஆகியவற்றையெல்லாம் பாட்டின் சுரமாகவே ஆக்கிக்கொண்ட இன்னொரு பாடகி அந்தத் தலைமுறையில் இல்லை. ஒரே வகைப் பாட்டு திரும்பத் திரும்ப வந்ததால் வந்த தேர்ச்சி அது. நூறு பாட்டில் நாயகியாகவும் தாயாகவும் தங்கையாகவும் பாடியிருந்தால் இந்தக் கூர்மை வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அதோடு, வானொலிப் பெட்டியில் பாட்டு தொடங்கி முதல் சொல் விழுமுன்பே, இது இன்னார் என்று சமையல்கட்டில் இருப்பவர் சொல்லிவிடுகிற காலம் அது. ஐந்தாறு பெண்குரல்கள் ஒன்றையொன்று மிதிக்காமல் ஒரே சமயத்தில் பிழைத்ததற்கும் அந்த ஒதுக்கீடுதான் காரணம்.

இனி மறுபக்கம். அகப்பாட்டில் கூற்றுக்கு எல்லை உண்டு, கவிஞனுக்கு எல்லை இல்லை. கபிலர் தலைவியாகவும் பாடினார், தோழியாகவும் பாடினார். யாரும் அவரை நீ தோழிக் கவிஞன், ஒதுங்கி நில் என்று சொல்லவில்லை. சினிமாவில் பாத்திரத்துக்குப் போட்ட வேலி பாடகியின் தொண்டையைச் சுற்றிப் போட்ட வேலியாக மாறிப்போனது. தோழி என்ன பேசலாம் என்ற விதி, ஈஸ்வரி என்ன பாடலாம் என்ற விதியாகிவிட்டது. இந்த வழக்கத்தின் பெரிய பிழை என்று நான் நினைப்பது இதைத்தான்.

பிழை எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டுமானால் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் (1965) சுசீலாவும் ஈஸ்வரியும் மாறி மாறிப் பாடும் சோகப்பாட்டைக் கேட்க வேண்டும். ஒரே மெட்டு, ஒரே துயரம், இரண்டு பெண்கள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல பாட்டு கிடைக்காது. சுசீலா ஒவ்வொரு சுரத்தின் ஓரத்தையும் வழித்து உருட்டி அடுத்த சுரத்தில் கொண்டுபோய் வைக்கிறார். அழுகை அவரிடம் அலங்காரத்தோடு வருகிறது. ஈஸ்வரி அப்படி உருட்டுவதில்லை. சுரத்தில் நேராகப் போய் நிற்கிறார். வல்லின மெய்யில் ஒரு சிறு உறுத்தல் இருக்கிறது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவளின் சோகம் அது. எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இரண்டாவது வகைச் சோகத்துக்குத் தமிழ்ச் சினிமாவில் தனிப்பாட்டு எத்தனை கிடைத்தது என்று கேட்டால், விரல் விட்டு எண்ணிவிடலாம். நாயகி என்றால் உருண்டு ஓடும் சோகம்தான் என்று முடிவு கட்டிவிட்டோம். நம் வீட்டுப் பெண்கள் பாதிப்பேர் அழுவது ஈஸ்வரி மாதிரிதான். புதுக்கோட்டைச் சீமையில் ஒப்பாரி கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். மூத்த பெண்கள் சிலர் நீட்டி இழுக்க மாட்டார்கள், வெட்டி வெட்டிச் சொல்லி நிறுத்துவார்கள். அந்தக் குரலுக்குப் படத்தில் கிடைத்த வேடம் இலந்தைப்பழம் விற்பது.

‘வெள்ளி விழா’ தாலாட்டு இந்த வேலியைத் தாண்டிய அபூர்வமான ஒன்று. பாலசந்தர் படம், வாலி எழுதியது. இதில் ஈஸ்வரி சத்தத்தை மட்டும் குறைக்கவில்லை. மைக்குக்கும் வாய்க்கும் இடையில் இருக்கும் தூரத்தையே ஒரு வாத்தியமாக ஆக்கிவிடுகிறார். சொல்லின் கடைசி உயிர் முழுசாக ஒலிப்பதில்லை, பாதியில் மூச்சாக மாறிக் கரைகிறது. அப்படியும் சுருதி தளரவில்லை. உரக்கப் பாடும்போது சுருதியில் நிற்பது ஒன்றும் பெரிய காரியமில்லை என்று பாட்டு தெரிந்தவர்கள் சொல்வார்கள். காற்றைக் குறைத்துக்கொண்டு நிற்பதுதான் கடினம். சாட்டையடிப் பாட்டில் முனகலைச் சுருதிக்குள் வைத்திருந்த அதே கட்டுப்பாடு இங்கே வேறு வேலை செய்கிறது. ஆக, அவருக்கு மென்மை புதிதாக வந்து சேரவில்லை. முரட்டுப் பாட்டுகளுக்குள்ளேயே அது இருந்திருக்கிறது. நாம்தான் தாரை தப்பட்டைக்கு நடுவில் அதைக் கேட்காமல் விட்டோம்.

தணிந்த குரலில் பாடியதெல்லாம் பொன் என்று அடித்துச் சொல்லவும் நான் தயாரில்லை. சுசீலாவோடு பாடியவற்றில் சில இடங்களில் அவர் சுசீலாவின் வளைவுகளை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறார். அப்போது குரல் மெலிந்துபோகிறது, சொந்தக் கனம் காணாமல் போகிறது. ஆண்குரலோடு வரும் சில மெல்லிசைகளில் ஒரு செல்லச் சிணுங்கல் எட்டிப் பார்த்து, கிளப் பாட்டின் பழக்கம் இன்னும் போகவில்லை என்று காட்டிக்கொடுக்கிறது. ‘அவள் ஒரு தொடர்கதை’யில் (1974) நாயகியின் தோழி உலகத்தைச் சிரித்துக்கொண்டே ஏசும் பாட்டு இதற்கு நேர்மாறு. அதில் சிணுங்கலும் இல்லை, சுசீலாவும் இல்லை. அலட்சியமும் அயர்ச்சியும் கலந்த ஒரு நடுத்தரமான சத்தம். மெதுவான பாட்டு என்று அதைச் சொல்ல முடியாது. ஆனாலும் அவருடைய ஆத்மார்த்தமான பாட்டுகளின் வரிசையில் அதை முன்னால் வைப்பேன். அந்தத் தோழி தன் மனசிலிருந்து பேசுகிறாள், நாயகிக்குத் தூது போகவில்லை.

சினிமா போட்ட வேலி ஒன்று என்றால், அதைவிட உயரமான வேலியைப் போட்டது நம் ஊர்க் குழாய்.

கூம்புக் குழாயின் இயல்பை மைக்செட்காரர்கள் அறிவார்கள். அதற்கு அடிச்சத்தம் கிடையாது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். பேச்சுக்குரல் தெளிவாகும் நடுப்பகுதியை மட்டும் பிடித்து ஊதித் தள்ளும். பனைமரத்தில் கட்டிய ஒரு குழாய் பக்கத்து ஊர் வயல்வரைக்கும் போவது அதனால்தான். கூர்மையான, எழும்பிய குரலென்றால் அதில் கொள்ளை அழகு. மூச்சுக் கலந்த குரலென்றால் வெறும் கரகரப்பு. வெள்ளி விழா தாலாட்டைக் குழாயில் போட்டால் மூச்சு முழுக்கத் தொலைந்துபோய் எலும்பு மட்டும் மிஞ்சும். ஒருமுறை மண்டகப்படி இரவில் நான் கேட்டுக்கொண்டதற்காக ஒரு தம்பி போட்டார். “என்னண்ணே, மைக் வீக்கா இருக்கா?” என்று அவரே கேட்டுவிட்டு ஆம்ப்ளிஃபயரில் டிரெபிளைத் திருகினார். பிறகு இன்னும் மோசம். பாட்டு பாதியிலேயே ‘செல்லாத்தா’ அம்மன் பாட்டுக்கு மாறிவிட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கருவியில் அந்தப் பாட்டு பிழைக்காது.

ஊருக்கு உரத்த குரல் தேவைப்பட்ட காலமும் இருந்தது. அதை நன்றாக அறிந்தவர் ஒருவர் திருமயத்திலேயே பிறந்தார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி, 1887-இல். நாடக மேடையில் அவருக்கே பழக்கம் உண்டு. கணவர் கிட்டப்பா இறந்தபின் வெள்ளை உடுத்தி ஒதுங்கியிருந்த பாடகி கே.பி. சுந்தராம்பாளைக் காங்கிரஸ் மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். ஒலிபெருக்கி அரிதாக இருந்த நாளில், கடைசி வரிசைக்குக் கேட்கும் தொண்டை என்றால் அது ஓர் அரசியல் சொத்து. ஐந்து கட்டையில் பாடியவர்களை நாம் கொண்டாடியதற்கு ரசனை பாதிக் காரணம், கொட்டகையின் நீளம் பாதிக் காரணம். மைக் வந்த பிறகு அந்தத் தேவை தீர்ந்தது. 1920-களில் அமெரிக்காவில் மைக் பரவியபோது பிங் கிராஸ்பி போன்றவர்கள் காதோடு பேசுவதுபோலப் பாடி அதன் பலனை அறுவடை செய்தார்கள். தமிழ்நாட்டிலும் ஸ்டூடியோவுக்குள் மைக் அதைச் செய்தது. பி.பி. ஸ்ரீநிவாஸ், ஏ.எம். ராஜா எல்லாம் மைக் பெற்றெடுத்த குரல்கள். ஆனால் ஸ்டூடியோவில் மைக் கொடுத்ததைத் தெருவில் குழாய் பறித்துக்கொண்டது. காதோடு பாடியதையும் ஊரோடு பாடியதாக ஆக்கினால்தான் அது வெளியே விடும்.

அம்மன் பாட்டுகளில் இந்தப் பறிப்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்ணின் குரல் மாரியம்மன் சந்நிதியின் குரலாகவே ஆகிப்போனது. திருமயத்திலோ கொன்னையூரிலோ இதை ஒருவரும் ஒரு விஷயமாக எடுத்ததில்லை, எடுக்கவும் கூடாது. அந்தப் பாட்டுகளை வீட்டில் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. அழைப்பும் ஆரவாரமும் பாதிதான். மீதிப்பாதி கெஞ்சல், முறையீடு, பிள்ளை தாயிடம் கோபித்துக்கொள்வது. அங்கெல்லாம் ஈஸ்வரி குரலை இறக்குகிறார். வெயிலில் அக்கினிச்சட்டி எடுத்து நடக்கும் பெண்களுக்கு அந்த இறக்கம்தான் நியாயமாகப் போய்ச் சேர வேண்டும். குழாய் அதை எடுத்துக்கொண்டு போவதில்லை. ஏறுகிற இடத்தை மட்டும் எடுத்துப் போகிறது. அப்படியே இரண்டு தலைமுறை கேட்டு, ஈஸ்வரி என்றால் ஏறுகிற குரல் என்று மனசில் பதிந்துவிட்டது. முதலில் சினிமா வெட்டியது, பிறகு குழாய் அதன்மேல் வெட்டியது. சத்தியகிரீசுவரர் கோயில் கல்லுக்கு நடந்த கதைதான்.

சினிமாவின் இந்தக் குரல் ஒதுக்கீடு 1970-களின் இறுதியில் தானாகவே கலைந்தது. 1976-இல் இளையராஜா வந்தார். எஸ். ஜானகி நாயகிக்கும் பாடினார், ஆட்டக்காரிக்கும் பாடினார், குழந்தைக் குரலிலும் பாடினார், பாட்டிக் குரலிலும் பாடினார். ஒரே குரல் எல்லாக் கூற்றையும் பேசலாம் என்று ஆனது. கபிலருக்கு இருந்த சுதந்திரம் பாடகிக்கும் வந்தது என்று மகிழத்தான் தோன்றும். ஆனால் அந்தச் சுதந்திரம் ஜானகிக்குக் கிடைத்தது, ஈஸ்வரிக்குக் கிடைக்கவில்லை. வேலி கலைந்தபோது வேலிக்குள் இருந்தவருக்கு வேலையும் போயிற்று. வழக்கத்தைத் திட்டுகிறவர்கள் இந்த முரணையும் கணக்கில் எடுக்க வேண்டும். அடைத்துவைத்த வழக்கம்தான் அவருக்குச் சோறும் போட்டது. திறந்துவிட்ட மாற்றம் அவரை வெளியே நிறுத்தியது. இதற்கு இளையராஜாவைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. பதினெட்டு ஆண்டுகளாக ஒரு குரலை ஒரே வேலைக்குப் பழக்கிவிட்டால், வேலை மாறும்போது அந்தக் குரலை வேறு எதற்கும் கூப்பிட யாருக்கும் தோன்றாது.

பிறகு பல வருடம் கழித்துக் கூப்பிட்டார்கள். 2011-இல் ‘ஒஸ்தி’ படத்தில் டி. ராஜேந்தரோடு ஒரு குத்துப்பாட்டு. 2020-இல் ‘மூக்குத்தி அம்மன்’ படத்தில் ஓர் ஆடிக் குத்து. எண்பது வயதில் அந்தக் குரலில் இருந்த முறுக்கைக் கேட்டு நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்த வயதில் இருக்கும் ஒரு தொண்டைக்கு வேறு ஒன்றும் சொல்லத் தெரிந்திருக்கும் என்று கூப்பிட்டவர்களுக்குத் தோன்றவில்லையே என்ற வருத்தமும் கூடவே வந்தது. பிளான்டுக்கு அறுபதை நெருங்கும்போது வாய்த்தது இவருக்கு வாய்க்கவில்லை. வயதான குரலில் விரிசல் விழும். அந்த விரிசலோடு பாடிய ஒரு மெல்லிய பாட்டு, சுசீலாவின் எந்த உருட்டலும் தர முடியாத ஒன்றைத் தந்திருக்கும். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. இசையமைப்பாளர்கள் கேட்க வேண்டும்.

அது நடக்கிறபோது நடக்கட்டும். நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம். திருமயம், அரிமளம், பொன்னமராவதிப் பக்கத்து மண்டபங்களில் இப்போது பாக்ஸ் ஸ்பீக்கர் வந்துவிட்டது. உள்ளே அடிச்சத்தமும் கேட்கும், மூச்சும் கேட்கும். பெண்ணை மேடைக்கு அழைத்து வந்தாயிற்று, பாசமலர் தோழி தன் கடமையை முடித்துவிட்டாள் என்றால், பந்தி நடக்கிற நேரத்தில் வெள்ளி விழா தாலாட்டைப் போடச் சொல்லுங்கள். அடுத்து வெண்ணிற ஆடை, அதற்கடுத்து எங்க வீட்டுப் பிள்ளையின் இரட்டைப் பாட்டு. கோயில் திருவிழாவிலும் பொதுவாக இரவு பத்து மணிக்குக் குழாயை நிறுத்தியாக வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. நிறுத்திய பிறகு பந்தலுக்குள் இருக்கும் நாலு பேருக்குக் கேட்கிற அளவில் சின்னப் பெட்டி ஒன்றில் இவற்றை ஓடவிட்டால், விதியும் மீறப்படாது, சாமியும் கோபித்துக்கொள்ளாது. மைக்செட் தம்பிமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: பென்டிரைவில் ஈஸ்வரிக்கு மூன்றாவதாக ஓர் இடம் ஒதுக்குங்கள். டிரெபிளைத் திருகாதீர்கள்.